இந்திய ரூபாயின் மதிப்புக் குறைவும் வெளிநாட்டுப் பயணச் செலவும்

ஒரு நாட்டின் நாணயம் பிற நாட்டு நாணயங்களுடன் ஒப்பிடுகையில் மதிப்பு இழக்கும்போது, அந்நாட்டு மக்கள் வெளிநாடு சென்று தங்குவதற்கும், உண்பதற்கும், கற்பதற்கும், மருத்துவம் பெறுவதற்கும் ஆகும் செலவு உள்நாட்டு நாணயக் கணக்கில் உயர்கிறது. இது நாணய மதிப்புக் குறைவின் பயணச் செலவு விளைவு ஆகும். இக்கட்டுரை இவ்விளைவை இந்திய ரூபாயை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது. 1966 ஜூன் மாதத் தொடக்கத்தில் 4.76 ரூபாயாக இருந்த ஓர் அமெரிக்க டாலரின் விலை, 2025 டிசம்பரில் 90 ரூபாயைக் கடந்தது.

டாலரின் விலை உயரும் அதே விகிதத்தில் எல்லாப் பயணங்களின் செலவும் உயர்வதில்லை. மொத்தச் செலவில் அயல்நாணயத்தில் செலுத்தப்படும் பங்கு எவ்வளவு, செல்லும் நாட்டின் நாணயம் எவ்வாறு நகர்ந்துள்ளது, இரு நாடுகளிலும் விலைவாசி எவ்வளவு உயர்ந்துள்ளது ஆகிய மூன்றையும் பொறுத்தே உண்மையான விளைவு அமைகிறது. இவற்றுக்கு அப்பால், பயணத்தைத் தள்ளிப்போட இயலுமா என்பது முக்கியமானது. சுற்றுலாப் பயணி நாட்டையோ நாளையோ மாற்றிக்கொள்ளலாம். கட்டணம் செலுத்த வேண்டிய மாணவருக்கும் நோயாளிக்கும் அவ்வாய்ப்பு இல்லை.

அடிப்படைக் கருத்துக்கள்

மாற்று வீதம்

ஒரு நாணயத்தின் ஓர் அலகை வாங்குவதற்குக் கொடுக்கவேண்டிய மற்றொரு நாணயத்தின் அளவு *நாணய மாற்று வீதம்* எனப்படும். இந்தியாவில் இது பொதுவாக ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய் என்று குறிப்பிடப்படுகின்றது. எனவே இந்த எண் உயர்ந்தால் ரூபாயின் மதிப்பு குறைந்துள்ளது என்று பொருள்.

மதிப்பிறக்கமும் மதிப்புக் குறைவும்

நிலையான மாற்று வீத முறையில் அரசோ மைய வங்கியோ அறிவித்து நாணயத்தின் மதிப்பைக் குறைப்பது *மதிப்பிறக்கம்* ஆகும். சந்தையில் தேவை, வழங்கல் ஆகியவற்றால் நாணயத்தின் மதிப்பு தானே இறங்குவது *மதிப்புக் குறைவு* ஆகும். 1966, 1991 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவில் நடந்தவை மதிப்பிறக்கங்கள். 1993க்குப் பின் நிகழ்ந்தவை மதிப்புக் குறைவுகள். பயணியைப் பொறுத்தவரை இரண்டின் விளைவும் ஒன்றே. ஆயினும் மதிப்பிறக்கம் ஒரே நாளில் நிகழ்வதால், முன்னதாகத் திட்டமிட அவருக்குக் காலம் கிடைப்பதில்லை.

விழுக்காட்டுக் கணக்கு

நாணயம் எவ்வளவு விழுக்காடு மதிப்பிழக்கிறதோ, அதைவிடக் கூடுதலான விழுக்காடு செலவு உயரும். 1966இல் ரூபாயின் மதிப்பு 36.5 விழுக்காடு இறக்கப்பட்டது. ஆனால் டாலரின் ரூபாய் விலையோ 4.76இலிருந்து 7.50 ஆக, அதாவது 57.5 விழுக்காடு உயர்ந்தது. இரண்டும் ஒரே நிகழ்வைக் குறிக்கும் எண்களே. கணக்கிடப்படும் அடிப்படை மட்டுமே வேறு. இதன்படி ஒரு நாணயம் 20 விழுக்காடு மதிப்பிழந்தால் வெளிநாட்டுச் செலவு 25 விழுக்காடும், 50 விழுக்காடு மதிப்பிழந்தால் செலவு இரு மடங்காகவும் உயரும். செய்திகளில் வரும் வீழ்ச்சி விழுக்காட்டை அப்படியே செலவு உயர்வாகக் கொள்வது தவறாகும்.

வரலாறு

1947 முதல் 1966 வரை

விடுதலையின்போது இந்திய ரூபாய் பிரித்தானியப் பவுண்டுடன் பிணைக்கப்பட்டிருந்தது. ஒரு பவுண்டு 13.33 ரூபாய்க்குச் சமமாக இருந்தது. டாலரின் விலை அப்போது ஏறத்தாழ 3.31 ரூபாய். 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு இறக்கப்பட்டபோது ரூபாயும் உடன் இறங்கியதால் டாலரின் விலை 4.76 ரூபாய் ஆயிற்று. ரூபாய்க்கும் பவுண்டுக்கும் இடையிலான வீதம் மாறவில்லை. ஆகவே அவ்வாண்டில் அமெரிக்கா செல்பவருக்குச் செலவு கூடியது. இலண்டன் செல்பவருக்கு மாற்று வீதத்தால் எந்த மாற்றமும் இல்லை.

1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு ரூபாயின் மதிப்பை இறக்கியது. ஒரு பவுண்டின் விலை 13.33 ரூபாயிலிருந்து 21 ரூபாய் ஆனது. இலண்டனில் 100 பவுண்டு செலவிடுபவருக்கு முன்பு 1,333 ரூபாய் போதுமானதாக இருந்தது. இப்போது 2,100 ரூபாய் தேவைப்பட்டது. 1967 நவம்பரில் பிரித்தானியா பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராக இறக்கியபோது இந்தியா அதனைப் பின்பற்றவில்லை. அதனால் ஒரு பவுண்டு 18 ரூபாயாகக் குறைந்து, இலண்டன் பயணச் செலவு ஓரளவு தணிந்தது.

செலாவணிக் கட்டுப்பாட்டுக் காலம்

1990களுக்கு முன் மாற்று வீதத்தைவிடப் பெரிய தடையாக இருந்தது அந்நியச் செலாவணி கிடைப்பதே ஆகும். டாலரை எவரும் விரும்பியபடி வாங்க இயலாது. வெளிநாட்டு விமானப் பயணச்சீட்டு வாங்குவதற்கே ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் பெற்ற 'பி' படிவம் தேவைப்பட்ட காலமும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் மேற்படிப்புக்காகப் புறப்பட்ட மாணவர்கள் பலர் கையில் 8 டாலருடன் விமானம் ஏறினர். அன்றைய வீதத்தில் இத்தொகை 60 ரூபாய் மட்டுமே. இவ்வாறு அளிக்கப்பட்ட அளவுக்கு மேல் தேவைப்பட்டவர்கள் வெளிநாட்டிலுள்ள உறவினர், நண்பர்களையோ சட்டத்துக்குப் புறம்பான கள்ளச் சந்தையையோ நாடினர். கள்ளச் சந்தையில் டாலரின் விலை அரசு வீதத்தைவிடக் கூடுதலாக இருந்தது. ஆகவே, அரசு வீதத்தை மட்டும் வைத்து அக்காலப் பயணச் செலவைக் கணக்கிட்டால் அது உண்மையைவிடக் குறைவாகவே தெரியும்.

1973இல் இயற்றப்பட்ட அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் இக்கட்டுப்பாடுகளை இறுக்கியது. அதற்கு மாற்றாக 1999இல் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டு 2000 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது.

1991 மதிப்பிறக்கமும் சீர்திருத்தங்களும்

1991இல் இந்தியாவின் செலாவணி இருப்பு சில வாரங்களுக்கான இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அளவுக்குக் குறைந்தது. ஜூலை 1, ஜூலை 3 ஆகிய இரு நாட்களில் ரூபாயின் மதிப்பு இரு படிகளாக இறக்கப்பட்டது. டாலரின் விலை ஏறத்தாழ 21 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 26 ரூபாய் ஆயிற்று. 1992 மார்ச்சில் இரட்டை மாற்று வீத முறை கொண்டுவரப்பட்டு, 1993 மார்ச்சில் அது ஒற்றைச் சந்தை வீதமாக ஒன்றிணைக்கப்பட்டது. அப்போது டாலரின் விலை 31 ரூபாயை ஒட்டி இருந்தது. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்கில் ரூபாய் மாற்றத்தக்கதாக ஆக்கப்பட்டது.

இச்சீர்திருத்தங்களால் டாலரின் விலை கூடிய அதே வேளையில், அதை வெளிப்படையாக வாங்கும் உரிமை பொதுமக்களுக்குக் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. 2004 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி *தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தை* அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் என்றிருந்த வரம்பு படிப்படியாக உயர்ந்து, 2007இல் 2,00,000 டாலர் ஆனது. 2015இல் இது 2,50,000 டாலராக உயர்த்தப்பட்டு, தனிப்பட்ட பயணத்துக்கான செலாவணியும் இதனுள் சேர்க்கப்பட்டது.

2013 வீழ்ச்சி

2013 மே மாதத் தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 54 ரூபாயாக இருந்தது. அமெரிக்க மைய வங்கி தனது கடன்பத்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் என்ற குறிப்பு அம்மாதத்தில் வெளியானதும், முதலீட்டாளர்கள் வளரும் நாடுகளிலிருந்து பணத்தைத் திரும்பப் பெறத் தொடங்கினர். இந்தியாவின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை அப்போது மிகுந்திருந்ததால் ரூபாய் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஆகஸ்டு 28 அன்று டாலர் 68 ரூபாயைக் கடந்தது. அதற்கு இரு வாரங்களுக்கு முன் ரிசர்வ் வங்கி பணம் அனுப்பும் வரம்பை 2,00,000 டாலரிலிருந்து 75,000 டாலராகக் குறைத்திருந்தது. இவ்வரம்பு 2014இல் 1,25,000 டாலராக உயர்த்தப்பட்டது.

பிற்காலப் போக்கு

ஒரு டாலரின் ஏறத்தாழ விலை, சில முக்கியக் கட்டங்களில்:

- 2008 ஜனவரி: 39 ரூபாய்
- 2009 மார்ச்: 51 ரூபாய்
- 2011 நடுப்பகுதி: 45 ரூபாய்
- 2013 ஆகஸ்டு இறுதி: 68 ரூபாய்
- 2018 அக்டோபர்: 74 ரூபாய்
- 2022 அக்டோபர்: 83 ரூபாய்
- 2024 டிசம்பர்: 85 ரூபாய்
- 2025 டிசம்பர்: 90 ரூபாய்

பயணச் செலவின் கூறுகள்

வெளிநாட்டுப் பயணச் செலவு முழுவதும் அயல்நாணயத்தில் அமைவதில்லை. ஒவ்வொரு கூறும் மாற்று வீதத்துக்கு வெவ்வேறு அளவில் எதிர்வினை புரிகிறது.

விமானக் கட்டணம்

இந்தியாவில் வாங்கும் பயணச்சீட்டின் விலை ரூபாயில் குறிப்பிடப்பட்டாலும், அதன் அடக்கச் செலவில் பெரும்பகுதி டாலரைச் சார்ந்தது. விமான எரிபொருளின் விலை பன்னாட்டுச் சந்தை விலையையும் மாற்று வீதத்தையும் கொண்டு மாதந்தோறும் திருத்தப்படுகிறது. விமானக் குத்தகை, உதிரிப் பாகங்கள், பராமரிப்பு ஆகியவற்றுக்கும் டாலரிலேயே பணம் செலுத்தப்படுகிறது. ஆயினும், போட்டி மிகுந்த தடங்களில் நிறுவனங்கள் இவ்வுயர்வை உடனே பயணியின் மீது சுமத்துவதில்லை. முன்கூட்டியே வாங்கிய சீட்டுக்கு எவ்விளைவும் இல்லை.

தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து

இவை செல்லும் நாட்டின் நாணயத்தில் செலுத்தப்படுபவை. மாற்று வீதத்தின் விளைவு இவற்றில் முழுமையாகவும் உடனடியாகவும் தெரியும்.

நுழைவிசைவுக் கட்டணம்

விசா எனப்படும் நுழைவிசைவுக்கான கட்டணம் பெரும்பாலும் அந்தந்த நாட்டு நாணயத்தில் நிர்ணயிக்கப்பட்டு, தூதரகம் அறிவிக்கும் வீதத்தில் ரூபாயாகப் பெறப்படுகிறது. அமெரிக்கச் சுற்றுலா நுழைவிசைவுக்கான விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் மாதத்தில் 160 டாலரிலிருந்து 185 டாலராகவும், ஷெங்கன் நாடுகளின் குறுங்கால நுழைவிசைவுக் கட்டணம் 2024 ஜூன் மாதத்தில் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாகவும் உயர்த்தப்பட்டன. இத்தகைய சூழலில் கட்டண உயர்வும் ரூபாய் வீழ்ச்சியும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன.

பணமாற்றுக் கட்டணங்கள்

செய்தித்தாளில் வெளியாகும் வீதம் வங்கிகள் தமக்கிடையே பெருந்தொகைகளை மாற்றிக்கொள்ளும் வீதமாகும். பயணிக்குக் கிடைப்பது அதைவிடத் தாழ்ந்த வீதமே. பணமாற்று முகவர்கள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஒரு வேறுபாட்டை வைக்கின்றனர். விமான நிலையங்களில் இவ்வேறுபாடு பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். இந்தியக் கடன் அட்டைகளை வெளிநாட்டில் பயன்படுத்தும்போது பல வங்கிகள் 2 முதல் 3.5 விழுக்காடு வரை மாற்றுக் கட்டணமும், அக்கட்டணத்தின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் பெறுகின்றன.

வெளிநாட்டுக் கடைகளில் அட்டையைத் தேய்க்கும்போது, தொகையை இந்திய ரூபாயிலேயே செலுத்த விருப்பமா என்று கேட்கப்படுவது உண்டு. இவ்வாறு ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று வீதத்தைக் கடையின் சேவை நிறுவனம் முடிவுசெய்யும். அது பொதுவாக வங்கியின் வீதத்தைவிடப் பயணிக்குப் பாதகமானது. உள்ளூர் நாணயத்தில் செலுத்துவதே பெரும்பாலும் மலிவானது.

வரி

2020 அக்டோபர் முதல், வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புகளை விற்போரும் பணம் அனுப்பும் வங்கிகளும் *மூலத்தில் வசூலிக்கப்படும் வரியைப்* பெறத் தொடங்கினர். 2023 அக்டோபர் 1 முதல் ஆண்டுக்கு 7 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சுற்றுலாத் தொகுப்புகளுக்கு இது 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பு 10 இலட்சம் ரூபாய் ஆக்கப்பட்டது. இது கூடுதல் செலவு அன்று; வருமான வரியில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ இயலும். எனினும் அதுவரை அத்தொகை பயணியின் கையை விட்டுப் போயிருக்கும். இத்தொகை ரூபாய் மதிப்பின் மீது கணக்கிடப்படுவதால், ரூபாய் வீழும்போது வரியும் வளர்கிறது. முன்பு வரம்புக்குள் இருந்த அதே டாலர் தொகை வரம்பைத் தாண்டவும் கூடும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

இருவர் ஒரு வாரம் வெளிநாடு செல்வதாகக் கொள்வோம். விமானக் கட்டணம் 1,20,000 ரூபாய், நுழைவிசைவு, காப்பீடு முதலியன 30,000 ரூபாய், வெளிநாட்டில் செலவு 2,000 டாலர்.

- டாலர் 83 ரூபாயாக இருக்கும்போது: 1,50,000 + 1,66,000 = 3,16,000 ரூபாய்
- டாலர் 90 ரூபாயாக இருக்கும்போது: 1,50,000 + 1,80,000 = 3,30,000 ரூபாய்

டாலரின் விலை 8.4 விழுக்காடு உயர்ந்தபோதும், மொத்தச் செலவு 4.4 விழுக்காடு மட்டுமே உயர்ந்துள்ளது. ஒரு வாரத்துக்கு மாறாக மூன்று வாரம் தங்கினால் அயல்நாணயப் பங்கு கூடும்; விளைவும் கூடும். நீண்டகாலம் தங்கிக் கற்பவருக்கு ஏறத்தாழ முழுச் செலவும் அயல்நாணயத்தில் அமைவதால் தணிப்பு ஏதும் இல்லை.

செல்லும் நாட்டைப் பொறுத்த வேறுபாடுகள்

ரூபாய் டாலருக்கு எதிராக வீழ்வதாலேயே எல்லா நாடுகளும் செலவு மிகுந்தவை ஆகிவிடுவதில்லை. பயணிக்கு முக்கியமானது ரூபாய்க்கும் செல்லும் நாட்டு நாணயத்துக்கும் இடையிலான *குறுக்கு மாற்று வீதம்* ஆகும்.

டாலருடன் பிணைக்கப்பட்ட நாணயங்கள்

சவூதி ரியால் 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்றும், ஐக்கிய அரபு அமீரகத் திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்றும் பிணைக்கப்பட்டுள்ளன. எனவே டாலருக்கு எதிரான ரூபாயின் வீழ்ச்சி இந்நாடுகளில் குறைவின்றி எதிரொலிக்கும். 2011 நடுப்பகுதியில் 12 ரூபாயாக இருந்த ரியால், டாலர் 90 ரூபாயை எட்டியபோது 24 ரூபாய் ஆயிற்று. ஹஜ், உம்ரா பயணிகளின் தங்குமிடச் செலவு இதனால் மாற்று வீதம் ஒன்றைக் கொண்டே இரு மடங்காகிறது. இந்திய அரசு ஹஜ் பயணிகளின் விமானக் கட்டணத்துக்கு அளித்துவந்த மானியமும் 2018இல் முடிவுக்கு வந்தது.

இந்திய ரூபாயுடன் பிணைக்கப்பட்ட நாணயங்கள்

நேபாள ரூபாய் 1993 முதல் ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 என்ற வீதத்தில் பிணைக்கப்பட்டுள்ளது. பூட்டானின் நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்குச் சமமதிப்புடையது. டாலரின் விலை எவ்வளவு உயர்ந்தாலும், இந்நாடுகளுக்குச் செல்லும் இந்தியருக்கு மாற்று வீதத்தால் நேரடிச் செலவு உயர்வு இல்லை.

ரூபாயைவிடக் கூடுதலாக வீழ்ந்த நாணயங்கள்

2021 ஜனவரியில் ஒரு யென்னின் விலை ஏறத்தாழ 0.70 ரூபாயாக இருந்தது. பின்னர் டாலருக்கு எதிராக யென் ரூபாயைவிட வேகமாக வீழ்ந்து, 2024 ஜூலையில் ஒரு டாலர் ஏறத்தாழ 161 யென் ஆனபோது, ஒரு யென் ஏறத்தாழ 0.52 ரூபாய் மட்டுமே. நாளொன்றுக்கு 10,000 யென் வாடகையுள்ள அறைக்கு முன்பு 7,000 ரூபாயும் பின்பு 5,200 ரூபாயும் தேவைப்பட்டன. டாலர் கணக்கில் ரூபாய் வீழ்ந்த அதே காலத்தில் இந்தியருக்கு யப்பானின் உள்ளூர்ச் செலவு குறைந்தது.

இலங்கை

2022இல் இலங்கையில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியின்போது, மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 203 இலங்கை ரூபாயாக இருந்த டாலரின் விலை, மே நடுப்பகுதியில் ஏறத்தாழ 360 ஆக உயர்ந்தது. ஓர் இந்திய ரூபாயின் விலை ஏறத்தாழ 2.7இலிருந்து 4.6 இலங்கை ரூபாய் ஆயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ சிகிச்சைக்காகச் சென்னை வர எண்ணிய ஒருவருக்கு 2 இலட்சம் இந்திய ரூபாய் தேவை எனில், முன்பு 5.4 இலட்சம் இலங்கை ரூபாய் போதும். சில வாரங்களில் அது 9.2 இலட்சமாக உயர்ந்தது. அதே வேளையில் இலங்கை செல்லும் இந்தியரின் கையிலிருந்த ரூபாய்க்குக் கூடுதல் இலங்கை ரூபாய் கிடைத்தது. ஆயினும் அங்கு எரிபொருள் தட்டுப்பாடும் கடும் விலையேற்றமும் நிலவியதால் இவ்வாதாயத்தின் ஒரு பகுதி கரைந்தது.

விலைவாசியும் மெய் மாற்று வீதமும்

மாற்று வீதத்தை மட்டும் கொண்டு நீண்டகாலச் செலவை மதிப்பிட இயலாது. உள்நாட்டில் விலைவாசியும் ஊதியமும் வெளிநாட்டைவிட வேகமாக உயர்ந்தால், நாணயத்தின் வீழ்ச்சி அவ்வேறுபாட்டை ஈடுசெய்வதாக அமையும். எடுத்துக்காட்டாக, இந்தியாவில் விலைகள் ஆண்டுக்கு 6 விழுக்காடும் அமெரிக்காவில் 2 விழுக்காடும் உயர்வதாகக் கொண்டால், ரூபாய் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 விழுக்காடு மதிப்பிழந்தாலும் இரு நாடுகளின் ஒப்பீட்டு விலை மாறுவதில்லை. இவ்வாறு விலைவாசி வேறுபாட்டையும் கணக்கில் கொண்ட வீதம் *மெய் மாற்று வீதம்* எனப்படும். ரிசர்வ் வங்கி 40 நாணயங்கள் அடங்கிய தொகுதியைக் கொண்டு இதற்கான குறியீட்டெண்ணை வெளியிட்டு வருகிறது.

ஆகவே ஒரு குடும்பத்துக்கு வெளிநாட்டுப் பயணம் எட்டும் தொலைவில் உள்ளதா என்பதை அறிய, டாலரின் விலையைவிட, அப்பயணத்துக்கு எத்தனை மாத வருமானம் தேவை என்ற கணக்கே சிறந்த அளவுகோல் ஆகும். வருமானம் டாலரின் விலையைவிட வேகமாக உயர்ந்த பிரிவினருக்குப் பயணம் எளிதாகியுள்ளது. வருமானம் தேங்கியவர்களுக்கு அது மேலும் விலகிச் சென்றுள்ளது.

பயணிகளின் எண்ணிக்கை மீதான விளைவு

இந்தியாவிலிருந்து வெளிநாடு சென்ற இந்தியரின் எண்ணிக்கை 1991இல் ஏறத்தாழ 19.4 இலட்சமாக இருந்தது. இது 2000இல் 44 இலட்சமாகவும், 2010இல் 1.3 கோடியாகவும், 2019இல் 2.69 கோடியாகவும் உயர்ந்தது. கொரோனாத் தொற்றுக் காலத்தில் கடுமையாக வீழ்ந்து, 2024இல் 3.09 கோடியை எட்டியது. இவ்வெண்ணிக்கையில் சுற்றுலாப் பயணிகள் மட்டுமன்றிப் பணிக்காகவும் கல்விக்காகவும் சென்றவர்களும் அடங்குவர். இதே காலத்தில் டாலரின் விலை மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்தது. தாராளமயமாக்கப்பட்ட திட்டத்தின்கீழ் 2023-24 நிதியாண்டில் அனுப்பப்பட்ட ஏறத்தாழ 3,170 கோடி டாலரில், பாதிக்கும் மேற்பட்ட தொகையாகிய ஏறத்தாழ 1,700 கோடி டாலர் பயணத்துக்கானது. வருமான உயர்வு, கட்டுப்பாடுகளின் தளர்வு, மலிவுக் கட்டண விமானங்கள் ஆகியவை நாணய வீழ்ச்சியின் விளைவை விஞ்சியதையே இது காட்டுகிறது.

யப்பானில் இதற்கு மாறான நிலை காணப்பட்டது. 2019இல் 2 கோடியைத் தாண்டிய வெளிநாடு செல்லும் யப்பானியரின் எண்ணிக்கை, 2024இல் ஏறத்தாழ 1.3 கோடியாகவே இருந்தது. அங்கு ஊதியம் நெடுங்காலம் தேங்கியிருந்ததால், யென்னின் வீழ்ச்சியை ஈடுசெய்யும் வருமான உயர்வு மக்களுக்குக் கிட்டவில்லை.

மிகுதியாகப் பாதிக்கப்படுவோர்

மாணவர்கள்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கல்வியாண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் தொடங்குகிறது. 2013இல் ரூபாயின் வீழ்ச்சியும் இக்காலத்தையே ஒட்டி நிகழ்ந்தது. ஒரு பருவத்துக்கு 15,000 டாலர் கட்டவேண்டிய குடும்பம் மே மாதத்தில் 8.1 இலட்சம் ரூபாய் எனக் கணக்கிட்டிருந்தால், ஆகஸ்டு இறுதியில் 10.2 இலட்சம் தேவைப்பட்டது. கல்விக் கடன் ரூபாயில் ஒப்பளிக்கப்படுவதால் டாலருடன் அது வளர்வதில்லை. எஞ்சிய 2.1 இலட்சம் ரூபாயைக் குடும்பமே சேமிப்பிலிருந்தோ, நகைகளை அடகு வைத்தோ ஈடுகட்ட வேண்டியிருக்கும். முதல் ஆண்டு முடித்த மாணவர் பாதியில் படிப்பை விட இயலாது என்பதால், இது தவிர்க்க முடியாத செலவாகிறது.

மருத்துவப் பயணிகள்: சிகிச்சை எத்தனை நாள் நீடிக்கும் என்பது முன்னதாகத் தெரிவதில்லை. எனவே செலவையும் வீதத்தையும் முன்கூட்டி நிலைப்படுத்துவது கடினம்.

சிறு வணிகர்கள்: கண்காட்சிகளுக்கும் கொள்முதலுக்கும் வெளிநாடு செல்பவர்களுக்குப் பயணச் செலவு, சரக்கின் விலை ஆகிய இரண்டும் ஒரே வேளையில் உயர்கின்றன.

இதற்கு மாறாக, வெளிநாட்டில் பணிபுரிவோர் ரூபாயின் வீழ்ச்சியால் பயனடைகின்றனர். வளைகுடா நாடுகளில் திர்ஹாமிலோ ரியாலிலோ ஊதியம் பெறும் தொழிலாளி ஊருக்கு அனுப்பும் அதே தொகை கூடுதல் ரூபாயாகக் கிடைக்கிறது. அவர் விடுமுறையில் ஊர் வந்து செய்யும் செலவும் அவரது ஊதியக் கணக்கில் குறைகிறது. வெளிநாட்டிலிருந்து இந்தியா வரும் சுற்றுலாப் பயணிகளுக்கும் இது பொருந்தும்.

தற்காப்பு முறைகள்

- முன்கூட்டிச் செலுத்துதல்: விமானச்சீட்டு, தங்குமிடம் ஆகியவற்றுக்கு முன்னதாகவே பணம் செலுத்தினால், அச்செலவுகளுக்கான வீதம் அன்றே உறுதியாகிறது.
- முன்பண அட்டை: வங்கிகள் வழங்கும் அந்நியச் செலாவணி அட்டையில் பணம் ஏற்றும் நாளின் வீதம் நிலைக்கிறது. பின்னர் ரூபாய் வீழ்ந்தாலும் விளைவில்லை. ரூபாய் உயர்ந்தால் அப்பயன் கிட்டாது.
- பகுதி பகுதியாக வாங்குதல்: தேவையான செலாவணியைப் பல மாதங்களில் சிறிது சிறிதாக வாங்கினால் சராசரி வீதம் அமையும். ஒரே நாளின் உச்ச விலையில் முழுவதையும் வாங்கும் இடர் இதனால் நீங்குகிறது.
- ஒப்பந்தத்தைக் கவனித்தல்: இந்தியச் சுற்றுலா நிறுவனங்கள் பல, தொகுப்பின் விலையை ரூபாயில் ஒரு பகுதி, டாலரிலோ யூரோவிலோ ஒரு பகுதி எனப் பிரித்து அறிவிக்கின்றன. அயல்நாணயப் பகுதி செலுத்தும் நாளின் வீதத்தில் கணக்கிடப்படுவதால், வீத மாற்றத்தின் இடர் பயணியையே சேரும்.
- இடத்தை மாற்றுதல்: ரூபாய்க்கு எதிராக உயராத நாணயமுள்ள நாட்டைத் தேர்ந்தெடுத்தல்.

இம்முறைகளில் எதுவும் செலவைக் குறைப்பதற்கு உறுதியளிப்பதில்லை. செலவு எவ்வளவு ஆகும் என்பதை முன்னதாக அறிந்துகொள்ளவே இவை உதவுகின்றன.

பொதுவான தவறான கருத்துக்கள்

- *1947இல் ஒரு ரூபாய் ஒரு டாலருக்குச் சமமாக இருந்தது.* இது பரவலாகக் கூறப்பட்டாலும் தவறானது. அன்றைய வீதம் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3.31 ரூபாய்.
- *ஒரு ரூபாய்க்குப் பல அலகுகள் கிடைக்கும் நாடு மலிவானது.* 2024இல் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 வியட்நாம் டொங் கிடைத்தது. ஆனால் அங்கு விலைகளும் ஆயிரக்கணக்கான டொங்களில் குறிக்கப்படுகின்றன. அலகுகளின் எண்ணிக்கை அன்று, அவற்றைக்கொண்டு வாங்கக்கூடிய பொருளின் அளவே முக்கியம்.
- *ரூபாய் வீழ்ந்தால் எல்லா வெளிநாட்டுப் பயணமும் ஒரே அளவில் செலவு கூடும்.* நேபாளம், பூட்டான், யப்பான் ஆகியவற்றின் எடுத்துக்காட்டுகள் இது சரியன்று என்பதைக் காட்டுகின்றன.

இவற்றையும் பார்க்க

- இந்திய ரூபாய்
- நாணய மாற்று வீதம்
- பணவீக்கம்
- வாங்கும் திறன் சமநிலை
- இந்திய ரிசர்வ் வங்கி
- அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்